குன்னூர் இறக்கத்தில் நடுங்கும் ஸ்டீயரிங்: எந்த டிஸ்க், எந்த பேட்?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறோம். எங்களுடையது 2016 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல் கார், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அம்மாவின் சிகிச்சைக்காக வாரம் ஒரு முறையாவது கோவைக்குப் போய் வருகிறோம், நான்தான் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு நான்கு டயர்களையும் மாற்றினோம். சில மாதங்களாக 60, 70 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மலை இறங்கும் வழியில் பர்லியாரைத் தாண்டியதும் கருகிய வாடையும் வருகிறது. ஒரு பெரிய பணிமனையில் இரண்டு டிஸ்க்கும் பேடும் ஒரிஜினலாகவே மாற்ற வேண்டும் என்கிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக், டிஸ்க்கை லேத்தில் கடைந்து புது பேட் போட்டால் போதும் என்கிறார். சென்னையில் இருக்கும் அக்கா மகனோ, துளையும் வரிப்பள்ளமும் போட்ட டிஸ்க்கையும் செராமிக் பேடையும் இணையத்தில் வாங்கி அனுப்புகிறேன், மலைப்பாதைக்கு அதுதான் சரி என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, குன்னூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேரும் எதை வாங்குவது என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய டிஸ்க் ஏன் கெட்டது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்காமல் எதை வாங்கி மாட்டினாலும், அடுத்த தீபாவளிக்குள் இதே கடிதத்தை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது: டயர் மாற்றியது. டயர் கடையில் வேலையை வேகமாக முடிக்க ஏர் கன் வைத்து வீல் நட்டுகளை அடித்து இறுக்குவார்கள். ஒரு நட் அளவுக்கு மீறி இறுகும், பக்கத்து நட் அரைகுறையாக நிற்கும். டிஸ்க் என்பது, சக்கரத்துக்கும் அதைத் தாங்கிச் சுழலும் ஹப்புக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டு. நட்டுகள் சமமாக இறுகாவிட்டால் அதுவும் மிக லேசாகக் கோணிக்கொண்டு உட்காரும். அந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டும்போதும் உடனே தெரியாது.

பிறகு நடப்பதைக் கவனியுங்கள். கோணலாகச் சுழலும் டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை, அதாவது பிரேக் மிதிக்கும்போது டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் உராய்வுக் கட்டையை, உரசிக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த இடம் மட்டும் ஒரு மயிரிழை தேய்ந்துவிடும், அல்லது பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். இப்போது டிஸ்க்கின் கனம், அதாவது தடிமன், எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே போதும், கை அதை உணர்ந்துவிடும். டயர் மாற்றிய அன்றே நடுக்கம் வராமல் மாதங்கள் கழித்து வருவதற்கு இதுதான் காரணம். "டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது" என்று பணிமனைகளில் சொல்வதில் பெரும்பாலானவை உண்மையில் இந்தக் கதைதான். இரும்பு வளைவது அபூர்வம்.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், உங்கள் காரிலும் இதுவே நடந்திருக்கும் என்பது என் ஊகம். நடுக்கம் ஸ்டீயரிங்கில் வருவதால் கோளாறு முன்பக்க டிஸ்க்கில்தான். பின் சக்கர டிரம் பிரேக்கில் கோளாறு என்றால் இருக்கையும் பெடலும் அதிரும், ஸ்டீயரிங் பெரும்பாலும் சும்மா இருக்கும். பிரேக் மிதிக்காமலே நடுங்கினால் அது வீல் பேலன்சிங் சமாசாரம், அதற்கு டிஸ்க்கைக் குறை சொல்லக் கூடாது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள்.

முதலாவது டிஸ்க்கின் கனம். அதை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். சாதாரண வெர்னியர் காலிப்பரை விளிம்பில் வைத்தால், தேயாமல் வரம்பு போல மேலெழும்பி நிற்கும் பகுதியில் அது தட்டி நின்றுவிடும். டிஸ்க் புதிது போலக் கனமாக இருப்பதாகப் பொய்க் கணக்கு வரும். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து எழுதிவைக்க வேண்டும். டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ ஓரத்திலோ குறைந்தபட்சக் கனம் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். சிறிய கார்கள் பலவற்றில் புது டிஸ்க்குக்கும் அந்தக் குறைந்தபட்சத்துக்கும் இடையே 2 மி.மீ. அளவுதான் வித்தியாசம் இருக்கும், பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர். எட்டு இடங்களில் ஒன்றாவது பொறித்த எண்ணைத் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, கோணல். இதற்கு டயல் கேஜ், அதாவது நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி, வேண்டும். சக்கரத்தைக் கழற்றிய பிறகு வீல் நட்டுகளை வாஷர் கொடுத்து மறுபடி இறுக்கி டிஸ்க்கை ஹப்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். டயல் கேஜை, டிஸ்க்கோடு சுழலாத சஸ்பென்ஷன் தண்டான ஸ்ட்ரட்டில் பொருத்தி, அதன் முனையை டிஸ்க்கின் முகத்தில் வைத்துக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். முள் 0.05 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. 0.10-ஐத் தாண்டினால் அந்த டிஸ்க்கில் நடுக்கம் வந்தே தீரும். ஆட்டம் அதிகமாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பின் முகத்தைப் பாருங்கள். குன்னூர் ஈரத்தில் அங்கே துரு செதில் செதிலாகப் படிந்திருக்கும். ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு இருந்தால், டிஸ்க்கின் வெளி விளிம்பில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு கோணலாகத் தெரியும், ஏனென்றால் டிஸ்க்கின் ஆரம் ஹப்பின் ஆரத்தைப் போல இரு மடங்கு. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் போதும், அது போய்விடும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பெரும்பாலான இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மூன்றாவது, பேடுகளின் கனம்: உள்பக்கம், வெளிப்பக்கம், இடது, வலது, நான்கையும் தனித்தனியே. உள் பேட் 3 மி.மீ., வெளி பேட் 7 மி.மீ. என்று இருந்தால் பேடுகளைப் பிடித்திருக்கும் பிரேக் காலிப்பரின் சறுக்குப் பின்கள் இறுகிப்போயிருக்கின்றன அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் சரியாகப் பின்வாங்கவில்லை என்று பொருள். நீங்கள் எழுதியிருக்கும் கருகிய வாடைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பிரேக்கை விட்ட பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பேட், உலகத்திலேயே விலை உயர்ந்த டிஸ்க்கையும் எரித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சமதளச் சாலையில் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் காலிப்பரைத்தான் பார்க்க வேண்டும்.

இனி உங்களுக்குக் கிடைத்த மூன்று ஆலோசனைகளைப் பார்ப்போம்.

தெரு மெக்கானிக் சொன்ன கடைசல். அவர் சொல்வதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. டிஸ்க்கில் கனம் தாராளமாக இருந்து, மேற்பரப்பு மட்டும் ஏற்ற இறக்கமாக இருந்தால் கடைசல் பிடிப்பது நியாயமான வேலை. கோவைப் பக்கம் நல்ல கடைசல் பட்டறைகளுக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் 82,000 கி.மீ., அதிலும் மலைப்பாதை ஓடிய டிஸ்க்கில் கடைவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? கடைந்த பிறகு இருக்கும் கனம் குறைந்தபட்சத்தை விடச் சற்று மேலே இருந்தால் போதாது. அடுத்த பேட் தேய்ந்து முடியும் வரை மேலேயே இருக்க வேண்டும். டிஸ்க்கின் முகத்தில் நீலம் பாரித்த திட்டுகள் தெரிந்தால் கடைசலை மறந்துவிடுங்கள். அந்த இடங்களில் இரும்பின் அமைப்பே மாறி, கடினமான திட்டாக இறுகியிருக்கும். மேலே சீவினாலும் அடியில் இருப்பது மற்ற இடம் போலத் தேயாது, சில மாதங்களில் மேடாகத் தலைகாட்டும். கனம் குறைந்த டிஸ்க் சூட்டை உள்வாங்கும் திறனையும் இழக்கிறது. சமவெளியில் ஓடும் காருக்கு அது பெரிய விஷயம் இல்லை. உங்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். ஆட்களோடு 1,200 கிலோ எடை உள்ள கார் அந்த 1,500 மீட்டரையும் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 80 கி.மீ. வேகத்தில் போகும் அதே காரை ஏறத்தாழ 60 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி அத்தனையும் சூடாக மாறி இந்த இரும்புத் தட்டுகளில்தான் இறங்குகிறது. தட்டு எவ்வளவு கனமோ அவ்வளவு நிதானமாகச் சூடேறும்.

அக்கா மகனுக்கும் இதே கணக்குதான் பதில். துளை போட்டால் அந்த இடத்து இரும்பு போய்விடுகிறது. இரும்பு குறைந்தால் சூட்டைத் தாங்கும் திறனும் குறைகிறது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, துளைகளின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெடிப்புகள் விழுவதும் உண்டு. விலை உயர்ந்த விளையாட்டுக் கார்களில் துளை போட்ட டிஸ்க் இருக்கிறதே என்று அவர் கேட்பார். அவை அந்தக் காருக்காகவே பெரிய விட்டத்தில் வடிவமைத்துச் சோதித்தவை. உங்கள் காரின் சிறிய டிஸ்க்கில் யாரோ டிரில் போட்டு விற்பது வேறு சங்கதி. வரிப்பள்ளம் போட்டது துளை அளவுக்கு மோசமில்லை. ஆனால் அது பேடைச் சீவிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் இரையும். பந்தயத்தில் பேடின் முகத்தைப் புதிதாக வைத்திருக்க அது உதவும்; அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் காருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அலாய் வீலுக்குள் பார்க்க அழகாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பணிமனை சொன்னதுதான், அளவுகள் அப்படி வந்தால், என் தேர்வும்: துளையில்லாத, நடுவே காற்று போகும் இடைவெளி உள்ள, கார் நிறுவனம் முதலில் போட்ட அதே அளவு டிஸ்க். அந்த நிறுவனத்தின் பெட்டியில் வந்தாலும் சரி, அதற்குத் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனத்தின் பெட்டியில் வந்தாலும் சரி. கடையில் "ஸ்விஃப்ட் டிஸ்க்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே பெயரில் வரும் காரிலேயே பெட்ரோலுக்கும் டீசலுக்கும், முந்தைய தலைமுறைக்கும் பிந்தியதற்கும் அளவு மாறும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். வந்ததும் பெட்டியைத் திறந்து பழைய டிஸ்க்கோடு விட்டம், கிண்ணத்தின் உயரம், போல்ட் துளைகள் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் பாதி விலைக்குக் கழற்றிய டிஸ்க் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். கதவுக் கண்ணாடியை அங்கே வாங்கலாம், பிரேக்கை வாங்கக் கூடாது.

பேடைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெருமைகள் பேடுக்குத்தான் அதிகம். நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலும் வருவது அஸ்பெஸ்டாஸ் இல்லாத ஆர்கானிக் வகை: சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தின்னாது, குளிரிலும் உடனே பிடிக்கும், ஆனால் விடாத சூட்டில் பிடிமானம் தளரும். இரும்புத் துகள் கலந்தவை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். பதிலுக்குச் சக்கரமெல்லாம் கறுப்புத் தூசி, காலையில் ஒரு கீச்சுக் குரல், டிஸ்க் சற்று வேகமாகத் தேய்வது. செராமிக் என்பது தூசி குறைந்த, அமைதியான பேட், அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் விலை உயர்ந்த விளையாட்டுக் கார்களின் கார்பன் செராமிக் டிஸ்க் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவே இல்லை. பெட்டியில் யார் வேண்டுமானாலும் செராமிக் என்று அச்சிடலாம் என்பதும் இன்றைய நிலைமை.

பேடின் பின்தகட்டிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருந்தால் படித்துப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் அதன் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. இறக்கத்தில் ஓட்டும் உங்களுக்கு இரண்டாவது எழுத்துதான் முக்கியம். 'எஃப் இ' என்ற பேட் சூட்டில் பிடியை இழக்கிறது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. 'எஃப் எஃப்' இருந்தால் எடுங்கள். இந்த எழுத்துகள் பேடின் ஆயுளையோ தரத்தையோ சொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் அருகே '90ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் அது இன்னும் நல்ல அடையாளம்: அசல் பேடின் செயல்திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகவில்லை என்று ஐ.நா. ஒழுங்குமுறைப்படி சோதித்திருக்கிறார்கள்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். கார் நிறுவனத்தின் அசல் பேட் முதல் தேர்வு. இல்லையென்றால் சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் கெர்லிங், ரானே, பாஷ் போன்று கார் தொழிற்சாலைகளுக்கே பிரேக் பாகங்கள் கொடுக்கும் நிறுவனங்களின் பேட். நம் மாநிலத்திலேயே இவ்வளவு நல்ல சரக்கு உருவாகும்போது, ஊர் பேர் தெரியாத பெட்டியை இணையத்தில் தேட வேண்டியதில்லை. எதை வாங்கினாலும் ரசீதோடு வாங்குங்கள். போலிப் பெட்டிகள் அசலை விட அழகாகவே அச்சாகின்றன. எல்லாம் சரிசெய்து சில மாதம் ஓட்டிய பிறகும் வாடை வந்தால், அடுத்த முறை இரும்புத் துகள் கலந்த வகைக்குப் போகலாம். இப்போதே வேண்டாம்.

ஏனென்றால் வாடைக்கு வேறு இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். ஒன்று பின் பிரேக். உங்கள் காரில் பின்னால் டிரம். அதற்குள் தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் தூசியில் இறுகிவிட்டால் பின் பிரேக் பாதி வேலை செய்யும், மீதிச் சுமையும் முன்னால் வந்து விழும். ஹேண்ட் பிரேக் நெம்புகோல் முன்பை விட அதிகம் மேலே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டிரம்மைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், மெக்கானிக்கின் நுரையீரலுக்காகச் சொல்கிறேன். ஈரத் துணியால் துடைக்கட்டும்.

இரண்டாவது காரணத்தை நீங்கள் கோபிக்காமல் கேட்க வேண்டும். இறக்கத்தில் எந்த கியரில் வருகிறீர்கள் என்று எழுதவில்லை. மூன்றாவது, நான்காவது கியரில், காலைப் பிரேக்கிலேயே லேசாக வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அனேகம். பேடுக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை. ஏறும்போது அந்த இடத்துக்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலையில் வண்டி ஓட்டும் பழைய டிரைவர்களின் வழக்கம், இன்றைக்கும் அதை மிஞ்சிய யோசனை இல்லை. பெரும்பாலும் இரண்டாவது கியர். வேகம் கூடினால் நன்றாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், அதை விட மோசமாக எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் நின்றால் இரண்டொரு மிதியில், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். அடிவாரத்தில் கல்லாறு வந்ததும் நிறுத்திச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் பார்க்கிறேன். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழலாம். சமதளத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் காற்றே ஆற்றிவிடும்.

துளை போட்ட டிஸ்க்குக்குச் செலவாகவிருந்த பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அதைப் பலர் கார் விற்கும் வரை மாற்றுவதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, பெடல் தரை வரை போகும், பிரேக் இருக்காது. நடுக்கம் எரிச்சலூட்டும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து இதில்தான் இருக்கிறது. ஆயில் தொட்டியின் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள்.

மாட்டும்போது அருகில் இருக்க முடிந்தால் இருங்கள். ஹப் முகம் பளிச்சென்று சுத்தமாக வேண்டும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தாக வேண்டும். சறுக்குப் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள சிலிக்கோன் கிரீஸ் வைக்க வேண்டும், சாதாரண கிரீஸ் கூடாது, ரப்பர் ஊதிவிடும். புது டிஸ்க்கையும் டயல் கேஜில் பார்க்கச் சொல்லுங்கள். முள் அதிகம் ஆடினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம். பல நேரம் அதிலேயே சரியாகும். கடைசியாக வீல் நட்டுகள்: கையால் எதிரெதிராக இறுக்கிவந்து, கார்க் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். ஏர் கன்னை அந்தப் பக்கம் வரவிடாதீர்கள். இனி பஞ்சர் கடையிலும் இதையே சொல்லுங்கள்.

மாட்டிய அன்றே மலையேறிவிட வேண்டாம். முடிந்தால் கோவையிலேயே மாட்டி, போக்குவரத்துக் குறைந்த சமதளச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள். முழுதாக நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, சிறிது ஆறவிட்டு, மீண்டும். இப்படிப் பத்துத் தடவை செய்தால் பேடின் பொருள் டிஸ்க்கின் முகமெங்கும் சமமாகப் படியும். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்திக்கொண்டே நிற்பதுதான் கெடுதல். பேடின் அச்சு அந்த இடத்தில் பதிந்து, புது டிஸ்க்கிலேயே நடுக்கம் தொடங்கிவிடும். முதல் 300 கி.மீ. வரை அவசரம் இல்லாவிட்டால் கடுமையாக மிதிக்காதீர்கள்.

கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா, செலவு பாதியாகுமே என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. இடது வலது இரண்டும் ஒரே நாளில், ஒரே நிறுவனத்தின் பொருளாக மாற வேண்டும். இல்லையென்றால் மழையில் அவசரமாக மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். பின் டிரம்முக்கு அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. திறந்து பார்த்து, லைனிங் கனம் போதுமானதாக இருந்தால் அப்படியே மூடிவிடலாம்.